அவன் வெட்டிய சரணம்

லைப்ஸிக் நகரத்து அக்டோபர் மழைக்குக் கெட்ட புத்தி உண்டு. சும்மா தூறுகிற மாதிரி ஆரம்பிக்கும்... 'இவ்வளவுதானா' என்று நாலடி எடுத்து வைத்தால் தலையில் கொட்டும்.

கொர்னேலியா வெஸ்ஸல் நாலடி எடுத்து வைத்துவிட்டாள்.

கையில் தங்கை மின்னாவுக்காக வாங்கிய பட்டுநூல் பொட்டலம். நனைந்தால் சாயம் இறங்கிவிடும். பொட்டலத்தைச் சால்வைக்குள் செருகிக்கொண்டு, கண்ணில் பட்ட முதல் வாசலுக்குள் ஓடிப் புகுந்தாள். அது ஓர் இசைத்தாள் கடை.

உள்ளே மூலையில் ஒரு பியானோ. வாசலுக்கு முதுகைக் காட்டியபடி ஓர் இளைஞன் வாசித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தான். தொப்பியில் இறகு செருகிய இரண்டு அம்மாக்கள் பக்கத்தில் நின்று கேட்டார்கள். கடைக்காரர் ஏணியின் நடுப்படியில் நின்றபடியே கேட்டார்.

குரல் சுமார்தான். ஆனால் அந்த விரல்கள்... வலது கை சன்னல் கண்ணாடியில் வழிகிற மழை. இடது கை, யாரோ மாடிப்படி ஏறி வருகிறார்களோ என்று காத்திருக்கும் ஒரு பெண்ணின் நெஞ்சு. கொர்னேலியா ஈரத்தைத் துடைக்க மறந்து நின்றாள். 'யார் இவன்... ஒரு பெண் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று இவனுக்கு யார் சொன்னது?'

அப்புறம்தான் சொற்கள் காதில் விழுந்தன.

'விளக்கைச் சன்னலில் வைத்தேன், எண்ணெய் தீர மாற்றி வைத்தேன்...'

அவளுக்குக் காது அடைத்தது. அது அவள் எழுதிய வரி! இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெண்கள் ஆண்டுமலர் ஒன்றில், பெயர் போடாமல், கீழே மூன்று நட்சத்திரங்களோடு வந்த அவளுடைய கவிதை. மொத்தம் நான்கு சரணம். முதல் சரணம் போனது... இரண்டாவது போனது... மூன்றாவதில் அந்தப் பெண் தலையணையில் முகம் புதைத்து, இப்படியே மூச்சு நின்றுபோனால் என்ன என்று கேட்கிறாள். பியானோ மெல்ல மெல்ல இறங்கிக் காற்றோடு கரைந்தது. இறகுத் தொப்பி அம்மாக்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். முடிந்துவிட்டது.

"அப்புறம்?" என்றாள் கொர்னேலியா. கடை முழுக்கக் கேட்கும்படி.

அவன் திரும்பினான். பழுப்பும் இல்லாத பச்சையும் இல்லாத கண்கள்... அப்போதுதான் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி ஒரு பார்வை. கோபப்பட வந்தவளுக்கு ஒரு நொடி கோபம் மறந்துபோயிற்று. அதற்காகவே இரண்டு மடங்கு கோபம் வந்தது.

"அப்புறம்னா... என்ன அம்மணி?"

"மீதி எங்கே? கவிதையில நாலு சரணம். நீங்க பாடினது மூணு."

"ஓ... ஆண்டுமலர் எல்லாம் படிக்கிறவங்களா நீங்க!" அவன் சிரித்தான். "அந்த நாலாவதா... அது பாட்டே இல்லீங்க. சண்டை. சந்தையில மீன்காரம்மா கத்துற மாதிரி. வெட்டிட்டேன்."

"வெட்டிட்டீங்க..."

"ஆமா, நகம் வெட்டுற மாதிரி. யாருக்கும் வலிக்கலை."

இறகுத் தொப்பிகள் களுக்கென்று சிரித்தன.

"மூணாவதோட நிறுத்தினா அந்தப் பொண்ணு செத்துப்போறா," என்றாள் கொர்னேலியா. "எழுதினவங்க அவளைச் சாக விடலை. நீங்க கொன்னுட்டீங்க, பாட்டுக்காரரே."

"கொன்னேனா! எவ்வளவு அழகா செத்தா, பாருங்க... இந்த அம்மா மூணு தடவை அழுதிருக்காங்க. எழுதினவரே கேட்டிருந்தா எனக்குக் கை குடுத்திருப்பாரு."

"குடுத்திருப்பாங்க. கன்னத்துல."

அவன் சிரிப்பு நின்றது. எழுந்து நின்றான். நெட்டை உருவம். "எழுதினவரை உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லியிருக்கலாம். நான்தான் என்று ஒரே வார்த்தை. ஆனால் இந்த ஊரில் பெயர் தெரிந்தால் அடுத்த நிமிஷம் யாரைப் பற்றிய கவிதை என்பதும் தெரிந்துவிடும்.

"தெரியாது," என்றாள்.

"சரி, மழை விடலை. என் குடையையாவது எடுத்துட்டுப் போங்க. பேரு கன்ராட் லிண்ட்னர். கடையில கேட்டா..."

"உங்க குடைக்குள்ள நிக்கிறதுக்கு நனைஞ்சுக்கிட்டே போறது எவ்வளவோ மேல்."

நனைந்துகொண்டே போனாள். பட்டுநூல் சாயம் சட்டையெல்லாம் இறங்கியது.

*

இரண்டே வாரம். ஊர் முழுக்க அந்தப் பாட்டு.

பால்காரி முனகினாள். மாடியில் குடியிருந்த மருத்துவ மாணவன் சீட்டியடித்தான். எதிர்வீட்டு அம்மா சன்னல் துடைத்துக்கொண்டே பாடி, மூன்றாவது சரணம் வந்ததும் துணியாலேயே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். கொர்னேலியா பல்லைக் கடித்துக்கொண்டு நடமாடினாள்.

கவிதை மின்னாவைப் பற்றியது. மின்னாவுக்கும் லோதார் ஹெஸ்லருக்கும் ஐந்து வருஷம் நிச்சயமாகி இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் வந்து அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கேக் தின்றுவிட்டுப் போவான். டிரெஸ்டன் நகரத்தில் வக்கீலாக இடம் கிடைத்ததும் போனான். போனவன், அங்கே ஒரு சர்க்கரை வியாபாரியின் மகளைக் கட்டிக்கொண்டான். ஒரு கடிதம் இல்லை. செய்தித்தாளில் கல்யாண அறிவிப்பைப் பார்த்துத்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

மின்னா ஒரு மாதம் படுக்கையில் கிடந்தாள். ஒரு நாள் காலையில் எழுந்தாள். மோதிரத்தைக் கொண்டுபோய் ஆற்றுப் பாலத்திலிருந்து வீசிவிட்டு வந்து, "அக்கா, ரொட்டி இருக்கா?" என்று கேட்டாள். அன்று மத்தியானம்தான் கொர்னேலியா அந்தக் கவிதையை எழுதினாள். அந்த ரொட்டிக்காகத்தான் எழுதினாள்.

இப்போது மின்னா துணியை மடியில் வைத்துக்கொண்டு, ஊசியைக் குத்தாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இந்தப் புதுப் பாட்டு கேட்டியா?"

"கேட்டேன்."

"எதிர்வீட்டம்மா சொல்றாங்க... 'பாவம், நம்ம மின்னா மாதிரியே'ன்னு. கடைக்குப் போனா எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாங்க." மடியிலிருந்த துணியை நீவினாள். "நான் இன்னும் சாகலையேன்னு பார்க்கிறாங்களோ அக்கா?"

கொர்னேலியா எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குடத்தை வைத்த வேகத்தில் அது உடைந்தே போயிற்று.

*

பதிப்பாளர் ரோட்மெய்யரின் மகளுக்கு அவள் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துவந்தாள். அந்த வீட்டில் சனிக்கிழமை பிற்பகல் கச்சேரி. "நீயும் வந்து ஓரமா உட்கார்ந்துக்கோ" என்று திருமதி ரோட்மெய்யர் பெரிய மனசு பண்ணிச் சொல்லியிருந்தாள். போனாள்.

பியானோவில் அவன்! கன்ராட் லிண்ட்னர், இஸ்திரி போட்ட கழுத்துப்பட்டையோடு. அவளைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தி, லேசாகத் தலை வணங்கினான். 'இன்னைக்கும் சண்டையா?' என்று அந்தக் கண்கள் கேட்டன. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிய இடத்தில், முன்வரிசையில், லோதார் ஹெஸ்லர் உட்கார்ந்திருந்தான்.

கொஞ்சம் சதை போட்டிருந்தான். பக்கத்தில் மனைவி. இலையுதிர்காலச் சந்தைக்கு மாமனாரோடு வந்திருக்கிறானாம். கொர்னேலியா இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

பதிப்பாளர் மகள் பாட ஆரம்பித்தாள். அந்தப் பாட்டுத்தான். வேறென்ன பாடுவார்கள்?

விளக்கு... எண்ணெய்... காத்திருப்பு... தலையணை... மூன்றாவது சரணம் இறங்கி இறங்கிக் கரையும்போது, லோதார் கைக்குட்டையை எடுத்தான். அழுதான். நிஜமாகவே அழுதான்! கண்ணோரத்தை ஒற்றி ஒற்றி, ரசித்து ரசித்து... மனைவி பெருமையோடு அவன் முழங்கையைத் தொட்டாள். என் கணவருக்கு எவ்வளவு மென்மையான மனசு!

கொர்னேலியா எப்போது எழுந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. கைதட்டல் ஆரம்பிப்பதற்கு முன்னால் இருந்த அந்தச் சின்ன அமைதியில் அவள் குரல் கேட்டது.

"இன்னும் முடியலை.

நான் சாகவில்லை... கேட்டுக்கொள், சாகவில்லை!
உன் மோதிரம் ஆற்றோடு போயிற்று.
உன் பெயரைச் சொல்லி அழுத வாய்
இன்று பசியோடு ரொட்டி தின்கிறது.
கதவைச் சாத்திவிட்டேன். தட்டாதே... போ!"

கடைசி வார்த்தையை நேரே அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கைக்குட்டை அந்தரத்தில் நின்றது. லோதாரின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிற்று. "என்னங்க, யாரு அது?" என்று மனைவி கேட்டாள். அவன் குனிந்து தொப்பியைத் தேடினான்.

பியானோவில் இருந்தவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"கொர்னேலியா!" திருமதி ரோட்மெய்யர் எழுந்து வந்தாள். "என் விருந்தாளிங்க முன்னாடி சத்தம் போடத்தான் உன்னைக் கூப்பிட்டேனா? திங்கட்கிழமையிலேர்ந்து பாடத்துக்கு வர வேண்டாம்."

"வரலை."

படியில் பாதி இறங்கியபோது பின்னால் தடதடவென்று பூட்ஸ் சத்தம்.

"நில்லுங்க! கொஞ்சம் நில்லுங்க அம்மணி... அதை எழுதினது நீங்கதான். படிச்சவங்க அப்படிச் சொல்ல முடியாது. எழுதினவங்கதான் சொல்ல முடியும்."

அவள் திரும்பினாள். "ஆமா, நான்தான். அந்த மீன்காரம்மா நான்தான். அந்தப் பொண்ணு என் தங்கச்சி. ரெண்டு வருஷமா உசுரோட இருக்கா. முன்வரிசையில மூக்கு சிந்தினானே, அவன்தான் அந்த ஆளு! அவ செத்துப்போனதா நெனைச்சு அழறதுல அவனுக்கு எவ்வளவு சுகம், பார்த்தீங்களா? அந்தச் சுகத்தைக் குடுத்தது நீங்க."

கன்ராட்டின் முகம் வெளுத்தது. இருந்தாலும் ரோஷம் விடவில்லை. "கவிதையில பேரே இல்லையே! யாருக்கிட்ட போய்க் கேப்பேன்?"

"பேரு இல்லைன்னா அறுத்துப் போடலாமா?"

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"மீன்காரம்மான்னு சொன்னது... பொய்," என்றான், சின்னக் குரலில். "மூணு மாசம் அந்தச் சரணத்தோட முட்டிக்கிட்டுக் கிடந்தேன். அதுக்குச் சங்கீதம் வரலை எனக்கு. எனக்கு அழ வைக்கத் தெரியும். கோபப்படத் தெரியலை. தெரியலைன்னு ஒத்துக்க மானம் இடம் குடுக்கலை. அதான் கவிதை நல்லாயில்லைன்னு சொல்லிட்டேன்."

உண்மை பேசுகிற ஆண்பிள்ளையைப் பார்த்துக் கொர்னேலியாவுக்குப் பழக்கமில்லை. ஒரு நொடி தடுமாறினாள். பிறகு சொன்னாள்: "உங்க மானத்துக்கு என் தங்கச்சியா கிடைச்சா?"

தெருக்கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

*

அவள் வீடு சேர்வதற்கு முன்னால், படியில் கத்தியது உட்பட எல்லாச் செய்தியும் வீடு சேர்ந்துவிட்டது.

"வீட்டுல நடந்ததை எழுதி ஊருக்குக் குடுத்தியா?" அம்மா கதவருகிலேயே நின்றிருந்தாள். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அப்பா இறந்த பிறகு, இரண்டு பெண்களையும் ஒரு பழிச்சொல் வாங்காமல் வளர்த்தவள். "அந்தப் படுபாவி பண்ணினது பத்தாதுன்னு நீ வேறயா?"

"அம்மா, நான் மின்னாவுக்காகத்தான்..."

"எனக்காகவா?" என்று கேட்டாள் மின்னா.

தையலைக் கீழே வைத்திருந்தாள். இரண்டு வருஷத்தில் அவள் குரல் இப்படி உயர்ந்ததில்லை.

"அந்தாளு உன்னைக் கேக்காம வெட்டிட்டாருன்னு குதிக்கிறே. நீ என்னைக் கேட்டியா அக்கா? நான் தலையணையில அழுதது, விளக்கு வெச்சுக் காத்திருந்தது... எல்லாம் என்னோடது. உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். நீ அதை எடுத்து அச்சடிச்சுட்டு, மூணு நட்சத்திரம் போட்டு ஒளிஞ்சுக்கிட்டே."

கொர்னேலியா அப்படியே நின்றாள். திட்டுவதற்கு எதிரே யாரும் இல்லை. ஊரில் எல்லார் மேலும் இருந்த கோபம் வட்டமடித்து வந்து அவள் நெஞ்சிலேயே உட்கார்ந்தது.

"மின்னா... நான் யோசிக்கவே இல்லைடி."

"தெரியும்." மின்னா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த நாலாவது சரணம் என்ன? எல்லாரும் பேசறாங்க. எனக்கு மட்டும் தெரியாது."

கொர்னேலியா சொன்னாள். மெல்ல, கத்தாமல். சொல்லி முடித்ததும் மின்னா கீழே வைத்த தையலை மறுபடி கையில் எடுத்தாள்.

"இது நல்லாயிருக்கு," என்றாள். "இதை அவரு பாட்டா போடணும். போட்டுத்தான் ஆகணும். பாதியில நான் செத்துக் கிடக்க மாட்டேன்."

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது. கன்ராட். கையில் தொப்பி, கக்கத்தில் இசைத்தாள் கட்டு. அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு ஆம்பளை அஞ்சு வருஷம் இந்த வீட்டு நாற்காலியில உட்கார்ந்துட்டுப் போனான். இன்னொருத்தருக்கு இங்க நாற்காலி கிடையாது."

"நான் நின்னுக்கிட்டே வாசிக்கிறேம்மா," என்றான் அவன்.

கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் மின்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மின்னாவின் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று... அம்மா வழி விட்டாள்.

நிஜமாகவே நின்றுகொண்டுதான் வாசித்தான். அப்பாவின் பழைய பியானோ, நெட்டை உடம்பு, வளைந்த முதுகு. முதலில் மின்னாவிடம் மன்னிப்புக் கேட்டான். "உங்களைக் கொன்னதுக்கு" என்றான். அப்புறம் கொர்னேலியாவைப் பார்த்து, "அந்தச் சரணத்தை இன்னொரு தடவை சொல்லுங்க. கத்துக்கணும்," என்றான்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமையும் சண்டை.

"இது கோபமா? இடி இடிக்குது, அவ்வளவுதான். யானை பியானோ மேல ஏறின மாதிரி இருக்கு."

"சரி, இது?"

"இது அழுகை. அழுகைக்கு மீசை வெச்சிருக்கீங்க."

"இது?"

"ராணுவம் போகுது. மின்னா எதுக்கு ராணுவத்துல சேரணும்?"

மின்னா மூலையில் தைத்துக்கொண்டே தோள் குலுங்கச் சிரிப்பாள். அம்மா காப்பியைக் கொண்டுவந்து பியானோ மேல் 'டக்' என்று வைப்பாள். அவன் தலையை உயர்த்தாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசிக்கும்போது, நெற்றியில் விழுகிற முடியைக் கொர்னேலியா பார்ப்பாள்... 'பார்க்கவில்லை' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவள் எல்லை மீறினாள்.

"விடுங்க. உங்களால ஆகாது. பொண்ணுங்க செத்தாத்தான் உங்களுக்குப் பாட்டு வரும்."

பென்சில் ஒடிந்தது.

"போதும்!" அவன் கத்தவில்லை. பல்லுக்கு நடுவில் வந்தது குரல். "தப்புப் பண்ணினேன். மூணு வாரமா அதுக்கு நின்னுக்கிட்டு வாசிக்கிறேன். நீங்க? அன்னைக்குக் கடையில 'நான்தான் எழுதினேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேன். சொல்லலை. ஊரே பாடட்டும்னு விட்டுட்டு, கோபத்தை வீட்டுல வளர்த்தீங்க. உங்களுக்குக் கோபம் வேணும் கொர்னேலியா. அது இல்லாட்டி நீங்களும் அழணும். அதுக்குத்தான் பயம்!"

அவன் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை.

திரும்பி இரண்டு கையையும் பியானோவில் வைத்தான். நாலைந்து சுரங்கள் ஒன்றாக விழுந்த ஒரு சுரக்கொத்து. குட்டையாக, வறண்டு, நறுக்கென்று. நிறுத்தம். இன்னொன்று. மறுபடியும் நிறுத்தம். மழை மாதிரி வழிந்துகொண்டிருந்த வலது கை அடங்கிப்போயிற்று. அலங்காரம் ஒன்றும் இல்லை. கோபம் கத்தவில்லை... கதவைத் தாழிட்டுவிட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு மூச்சு வாங்கியது.

அவனே விரல்களைப் பார்த்து அதிர்ந்து நின்றான்.

மூலையிலிருந்து மின்னா எழுந்தாள். "அதை மறுபடி வாசிங்க," என்றாள். வாசித்தான். அந்த நிறுத்தங்களுக்குள் அவள் பாடினாள். பழக்கமில்லாத, கரகரத்த குரல்.

"நான் சாகவில்லை... கேட்டுக்கொள், சாகவில்லை..."

கொர்னேலியா சமையலறைக்குப் போய்விட்டாள். அடுப்பைப் பார்த்து நின்று அழுதாள். அவன் சொன்னது சரிதான். அதனால் அவன் மேல் இன்னும் கோபமாக வந்தது.

அந்த வாரம் ரோட்மெய்யர் அவனைக் கூப்பிட்டனுப்பினார். பன்னிரண்டு பாட்டுகள் கொண்ட ஒரு முழுத் தொகுதியையும் அச்சிடத் தயார், ஆனால் இந்தப் பாட்டு மூன்று சரணத்தோடுதான் இருக்க வேண்டும் என்றார். "செத்த பொண்ணு விக்கிறா. உசுரோட இருக்கிறவளை யாரு வாங்குவா? உனக்கு யாரு வேணும்?"

"உசுரோட இருக்கிறவ," என்றான் கன்ராட். அத்தோடு அந்தக் கதவு மூடியது. வந்து அதை மின்னாவிடம் மட்டும் சொன்னான். மின்னா எப்போது எதை அக்காவிடம் மறைத்தாள்?

*

நவம்பர் கடைசியில், ஆற்றங்கரைக் காப்பிக் கடையின் மாடிக் கூடத்தில் பாட்டுச் சங்கத்தின் பிற்பகல் கூட்டம். மின்னா வெஸ்ஸல் பாடுகிறாள் என்றதும் கூட்டம் நெரிந்தது. பாதிப் பேர் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். எதிர்வீட்டு அம்மா இரண்டு கைக்குட்டையோடு வந்திருந்தாள்.

மின்னா நீல உடையில் நின்றாள். முதல் மூன்று சரணத்துக்கும் கூடம் வழக்கம்போல் உருகியது. கைக்குட்டைகள் வெளியே வந்தன. மூன்றாவது சரணம் கரைந்து முடிந்ததும் சிலர் கைதட்டக் கையைத் தூக்கிவிட்டார்கள்.

நறுக்கென்று விழுந்தது அந்தச் சுரக்கொத்து.

தூக்கிய கைகள் நின்றன. மின்னா நிமிர்ந்தாள். பாடினாள் என்று சொல்ல முடியாது. சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, எதிரே இருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்து... எதிர்வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்து... கடைசிப் 'போ'வுக்குப் பிறகு பியானோவும் ஒன்றும் வாசிக்கவில்லை. வெறும் அமைதி.

ஒரு கிழவர் "இதெல்லாம் பாட்டா?" என்று எழுந்து போனார். இரண்டு பேர் அவர் பின்னால் போனார்கள்.

கூடத்தின் கடைசியில், காப்பி பரிமாறுகிற பெண் தட்டைக் கீழே வைத்தாள். தன் தடித்த கைகளால் தட்ட ஆரம்பித்தாள். "நல்லா கேட்டே தாயி!" என்றாள் சத்தமாக. அவ்வளவுதான்... சன்னல்கள் அதிர்ந்தன. எதிர்வீட்டு அம்மா கைக்குட்டையை மடியில் போட்டுவிட்டு, இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.

மின்னா இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பசிக்குதும்மா," என்றாள். பிளம் கேக் இரண்டு துண்டு தின்றாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொர்னேலியா கூட்டத்திலிருந்து நழுவி, பின்பக்கப் படியில் இறங்கி ஆற்றங்கரைக்கு வந்தாள். மழையுமில்லாத பனியுமில்லாத ஏதோ ஒன்று தூவிக்கொண்டிருந்தது. பின்னால் காலடி... திரும்பாமலே தெரிந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றான் கன்ராட்.

"முதல்ல நான் கேக்கிறேன். ரோட்மெய்யர் குடுத்ததை வேண்டாம்னு சொன்னீங்களே, ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நன்றி சொல்வீங்க. உங்க நன்றி எனக்கு வேண்டாம்."

"வேற என்ன வேணுமாம்?"

அவன் அவளையே பார்த்தான். ஈரம் அவன் இமைகளில் சின்னச் சின்னதாக உட்கார்ந்தது. அந்தக் கண்கள் இப்போது தூங்கி எழுந்த மாதிரி இல்லை. நன்றாக விழித்திருந்தன.

"இன்னொரு சின்ன அச்சுக்காரர் கிடைச்சிருக்காரு. பாட்டை முழுசா போடறாராம். மின்னாகிட்ட கேட்டேன், சரின்னுட்டாங்க. உங்ககிட்டயும் கேக்கணும்... எழுதினது யாருன்னு பேரு போடலாமா?"

கேட்கிறான்! கேட்டுவிட்டுச் செய்கிறான்! கொர்னேலியாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதை மறைக்கக் கடுகடுவென்று சொன்னாள்: "போடுங்க. முழுப் பேரா போடுங்க. கொர்னேலியா வெஸ்ஸல்."

"கொர்னேலியா வெஸ்ஸல்..." அவன் மெல்லச் சொல்லிப் பார்த்தான். "சரி. இப்போதைக்கு அப்படியே போட்டுக்கலாம்."

"அது என்ன இப்போதைக்கு? எப்பவும் அதுதான்! கல்யாணம் ஆனாலும் பாட்டு மேல அந்தப் பேருதான் இருக்கும். லிண்ட்னர் கிண்ட்னர்னு எல்லாம் ஒட்ட விட மாட்டேன்..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் வார்த்தை வாயைத் தாண்டிவிட்டது.

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, அடக்கப் பார்த்து, அடங்காமல் காது வரைக்கும் போயிற்று.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே, அம்மணி..."

"சிரிக்காதீங்க!"

"சிரிக்கலை." சிரித்துக்கொண்டே இருந்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "கொர்னேலியா... நீங்க படியில நின்னு என்னைத் திட்டின நாள்லேர்ந்து நான் ஒழுங்கா தூங்கலை. யாரும் என்கிட்ட அவ்வளவு உண்மையா கோபப்பட்டதில்லை. அந்தக் கோபம் பக்கத்துல இல்லாம இனிமே ஒரு பாட்டும் எழுத முடியாதுன்னு தோணுது. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு வரியும் வெட்டாம, முழுசா. என்னைக் கட்டிக்கிறீங்களா?"

அவள் ஆற்றைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். பென்சில் கறை படிந்த விரல்கள், குளிரில் சிவந்து, பதிலுக்காகக் காத்திருந்தன.

"நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்," என்றாள்.

"தெரியுது."

"எப்பவும் இப்படித்தான் இருப்பேன்."

"அதுவும் தெரியுது."

"எங்கம்மா உங்களுக்கு நாற்காலி குடுக்க வருஷக்கணக்கா ஆகும்."

"நின்னு நின்னு பழகிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்தத் தடவை சமையலறைக்கு ஓடவில்லை. அவன் எதிரிலேயே நின்று, கண்ணைத் துடைக்காமல், அந்தச் சிவந்த விரல்களைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு, கன்ராட்," என்றாள், சண்டைக்கு வருகிற குரலில். "கட்டிக்கிறேன்."